பீங்கான் மாதா

காரைக்குடி
18 பிப்ரவரி 2025

அன்புள்ள மேரி,

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டே முக்கால். உட்கார்ந்தேன் என்பதும் பொய். அடுப்படி மேடையில் தாளை வைத்து நின்றபடிதான் எழுதுகிறேன். கூடத்தில் விளக்குப் போட்டால் ரெனி முழித்துவிடுவாள், அப்புறம் தூங்க வைக்க ஒரு மணி நேரம். கோணல் எழுத்தைப் பார்த்து அக்காவுக்கு என்னவோ ஏதோ என்று பயந்துவிடாதே.

ஏழு மாதமாக நான் உனக்கு எழுதவில்லை. நீ மாதத்துக்கு ஒன்று எழுதினாய், எல்லாம் வந்து சேர்ந்தது. பதில் எழுதலாம் என்று எடுத்தால் முதல் வரியிலேயே சண்டை வந்து நிற்கும், மூடி வைத்துவிடுவேன். போன ஜூலையில் நீ லீவு முடிந்து, கன்னியாஸ்திரிப் பயிற்சிக்கு நவகன்னியர் இல்லத்துக்குக் கிளம்பிய அன்று நான் பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் இல்லை. அம்மா இல்லாத வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே தங்கச்சி, போன்கூட வைத்துக்கொள்ளக் கூடாத இடத்துக்குப் போகிறாளே என்ற கோபம். சரி, விடு. அதை எழுத வரவில்லை.

கல்யாண நாளுக்கு அலெக்ஸ் மூன்று நாள் லீவு போட்டார். காரிலேயே வேளாங்கண்ணி போய், தஞ்சாவூரில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை பார்த்துவிட்டுத் திரும்பினோம். "ரெண்டு நாளா கோயிலாப் பாத்தாச்சு, இன்னைக்கு உனக்காக மியூசியம். எம்.ஏ. ஹிஸ்டரி படிச்ச பொண்ணைக் கட்டிக்கிட்டு வீட்லயே வச்சிருக்கேண்டு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாதுல்ல" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அரண்மனையில் இருக்கிற கலைக்கூடத்துக்கு முதலில் போனோம். நான் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிய வெண்கலச் சிலைகள் மேரி, ஒரு முழ தூரத்தில். பார்த்தேனா என்று கேள். போன ஜூனில் நீ மடத்திலிருந்து லீவில் வீட்டுக்கு வந்த இருபது நாளில் ரெனிக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தாயே, சுரூபத்தைத் தொட்டு விரலை வாயில் வைத்து முத்தி செய்வது. வேளாங்கண்ணியில் இரண்டு நாள் அதே வேலையாக இருந்தவளுக்கு எந்தச் சிலையைக் கண்டாலும் கை போகிறது. கையிலிருந்து வழுக்கி இறங்கி, பீடத்தைத் தொட்டு, "மாதா" என்று சொல்லி, முத்தி. காவலாளி ஓடி வருகிறார். நான் தூக்குகிறேன். அடுத்த சிலை. மறுபடி ஓட்டம்.

மதியம் புதுக்கோட்டை அருங்காட்சியகம். அங்கே பாடம் செய்து வைத்த மிருகங்களின் கண்ணாடிப் பெட்டிக்கெல்லாம் முத்தி வைத்தாள். காவலுக்கு இருந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏம் பாப்பா, முதலைக்குமா?" என்றாள். அலெக்ஸ் வீடியோ எடுத்துக்கொண்டே, "ஒரு தங்கச்சியை மடத்துக்கு அனுப்புனது பத்தலையா? இவளையும் ரெடி பண்றியா?" என்கிறார். நானும் சிரித்தேன். ஆனால் அன்று மூன்று மணி வரை நான் பார்த்த கலைப்பொருள் என்ன என்றால், ரெனியின் பின்னந்தலை.

கடைசியாக, வீடு வரும் வழியில் கொத்தமங்கலம். ஒரு பெரிய செட்டியார் வீட்டை அவர்கள் குடும்பமே அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறது. முதலாளி சென்னையில். அங்கேதான் ஒரு சங்கடம் ஆகிவிட்டது. காவலுக்கு இருந்த ஆள் ரெனியை என்னிடமிருந்து வாங்கினார். வாங்கியவர் கையில் வைத்திருக்காமல் கீழே இறக்கிவிட்டுவிட்டார். அவள் போய் ஒரு பீங்கான் பொம்மையை இழுத்துப் போட்டு உடைத்தாள். வெள்ளைக்காரச் சீமையிலிருந்து வந்த பொம்மை, முக்காடு போட்டு, கையில் குடத்தோடு நிற்கிற பெண். மாதா என்று நினைத்திருப்பாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அலெக்ஸுக்குத்தான் கோபம். முன்பின் தெரியாத ஆள் பிள்ளையைத் தூக்குவதா என்று மேனேஜரிடம் சத்தம் போட்டார். வீட்டுக்கு வந்ததும் அந்த ஆளின் போட்டோவையும் போட்டு, அந்த இடத்தைப் பற்றி நெட்டில் எழுதிவிட்டார்.

அவ்வளவுதான் விஷயம். தூக்கம் வரவில்லை, அதனால் எழுதினேன். நீ எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்காமல் முடிக்கிறேன் பார். ரெனி புரண்டு படுக்கிறாள்.

அக்கா,
பெல்சி


நவகன்னியர் இல்லம்
2 மார்ச் 2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. வந்த கடிதங்களைப் பொறுப்பு சிஸ்டர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் எங்களுக்குத் தருவார்கள். இது உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், தெரியாவிட்டால் இப்போது தெரிந்துகொள். கொடுக்கும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உங்க அக்கா பொண்ணு முதலைக்குமா முத்தி வச்சா?" என்று கேட்டார்கள். எட்டு மாதத்தில் அவர்கள் என்னிடம் சிரித்துப் பேசியது அதுதான் முதல் தடவை. ரெனிக்கு என் நன்றியைச் சொல்.

நான் நன்றாக இருக்கிறேன். காலை நாலே முக்காலுக்கு மணி. எனக்கு இந்த மாதம் மாட்டுக் கொட்டகை. ஹார்மோனியம் கற்றுக்கொள்கிறேன், கேட்கிறவர்கள் அதையும் ஒரு தபசாக ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துக்கொள்கிறார்கள். பதினொரு பேர் வந்தோம், இப்போது ஒன்பது. போன வாரம் வீட்டுக்கே திரும்பிப் போனவள் என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள். அவள் போன அன்று காலையில் நாங்கள் எல்லோரும் கோயிலில் இருந்தோம். சாப்பிட வந்தபோதுதான் தெரிந்தது. யாரும் அவளைப் பற்றிப் பேசவில்லை. பேசக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை.

காய்ச்சல் இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும் அக்கா. அப்பாவுக்குக் காது மந்தமே தவிரக் கண் நன்றாகத்தான் இருக்கிறது. வழியனுப்ப வந்த இடத்தில், "உங்கக்கா வீட்டு வாசல்ல பிள்ளைய வச்சு விளையாட்டுக் காட்டிக்கிட்டு நிக்கிறா" என்று சொல்லிவிட்டார். பஸ் கிளம்பி மதுரை தாண்டும் வரை உன்மேல் கோபமாக இருந்தேன். அதற்கப்புறம் கோபப்படுவதற்கும் எனக்கு நீதான் இருக்கிறாய் என்று தோன்றியது.

ஒன்று கேட்கிறேன். கேட்கக் கூடாதென்றால் இந்தப் பத்தியை விட்டுவிடு. ரெனி புது ஆளிடம் போக மாட்டாளே. நான் வந்த இருபது நாளில் முதல் எட்டு நாள் என் பக்கத்திலேயே வரவில்லை. அப்பாவின் மீசையைக் கண்டாலே வீல் என்று கத்துவாள். நீயே கையில் கொடுத்து, 'இவங்ககிட்ட இரு' என்று சொன்னால்தான் போவாள். அப்படியிருக்க அந்த மனிதர் எப்படி அவளை வாங்கினார்?

புதன்கிழமை சாம்பல் புதன். தபசு காலம் முடிந்து ஈஸ்டர் வரும் வரை நாங்கள் கடிதம் எழுதுவதில்லை. நீ எழுதலாம், படிக்கத் தருவார்கள்.

உன் தங்கை,
அடைக்கலமேரி


காரைக்குடி
11 மார்ச் 2025

மேரி,

நீ கேட்பாய் என்று தெரிந்துதான் எழுதினேன் போல. சிஸ்டர் படிப்பார்கள் என்றால் படிக்கட்டும். சிஸ்டர், என்னை நீங்கள் பார்த்ததில்லை, அதுவும் நல்லதுதான்.

அவர் வாங்கவில்லை. நான் கொடுத்தேன்.

அந்த வீட்டில் நடு முற்றம், அதைச் சுற்றி மாடி. கீழே ஒரு நாற்காலியில் அவர் இருந்தார். பெயர் பெத்தன், நாற்பத்தைந்து வயது இருக்கும். அலெக்ஸுக்கு ஆபீஸிலிருந்து போன் வந்து வாசலுக்குப் போய்விட்டார். எனக்குக் கை இற்றுப் போய்விட்டது மேரி, காலையிலிருந்து பதினோரு கிலோவைத் தூக்கியபடி. மாடியில் பழைய படங்கள் இருக்கின்றன என்று பலகையில் எழுதியிருந்தது. படி செங்குத்து, பிள்ளையோடு ஏற முடியாது.

"அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம் பிள்ளையப் பாத்துக்கிறீகளா? மேல படத்தைப் பாத்துட்டு ஓடி வந்துர்றேன்" என்றேன்.

"சேரை விட்டு எந்திரிக்கக் கூடாதுண்டு உத்தரவு தாயி. பிள்ளைய வச்சுக்கிட்டு எப்படி…"

"அஞ்சே நிமிஷம்ணே."

"புள்ள அழுகாதா?"

"அழுக மாட்டா." ரெனியை அவர் மடியில் வைத்து, 'மாமாட்ட இரு' என்று சொன்னேன். சொன்னவள் திரும்பிப் பார்க்காமல் படியேறினேன். திரும்பினால் அழுவாள்.

ஐந்து நிமிடம் இல்லை. கால் மணி நேரம் இருக்கும். ஒரு படத்துக்கு முன்னால் நின்றேன். ரெனி பிறந்த இரண்டேகால் வருடத்தில், கையில் ஒன்றும் இல்லாமல், காதை எங்கேயும் வைக்காமல், நான் நின்றது அந்தக் கால் மணி நேரம்தான். எனக்குப் பிள்ளை இருக்கிறது என்பதே நினைவில் இல்லை. இதை எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

சத்தம் கேட்டது. கீழே வேறு யாரோ காட்சிக்கு வைத்திருந்த ஊஞ்சல் பலகையில் ஏறி உட்கார, அவர்களைத் தடுக்க அவர் பிள்ளையை இறக்கிவிட்டு எழுந்திருக்கிறார். அந்த அரை நிமிடத்தில் ரெனி பொம்மையை இழுத்துவிட்டாள். நான் இறங்கி வருவதற்குள் மேனேஜர் வெங்கட்ராமன் வந்துவிட்டார். "யாருய்யா பிள்ளைய உள்ள விட்டது?" என்று கத்துகிறார். சத்தம் கேட்டு வாசலிலிருந்து அலெக்ஸும் வந்துவிட்டார். வந்தவர் பொம்மையைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"நீ எங்க இருந்த?"

"நான் இங்கனதான் இருந்தேன். இவருதான் வாங்குனாரு" என்றேன்.

பெத்தன் அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். அலெக்ஸைப் பார்த்தார். அப்புறம் மேனேஜரிடம், "ஆமாங்கய்யா, நாந்தேன் வாங்குனேன்" என்றார்.

ஏன் பொய் சொன்னேன் என்று நீ கேட்க மாட்டாய், ஆனாலும் சொல்கிறேன். அக்டோபரில் நான் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது ரெனி அறைக்குள் போய் உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். கதவை உடைத்துத்தான் எடுத்தோம். உனக்கு நான் இதை எழுதவில்லை. தேவகோட்டையிலிருந்து அத்தை வந்து, "பிள்ளைய எங்கிட்ட விடு அலெக்ஸு. ஒன் பொண்டாட்டிக்குத் தன்னையவே பாத்துக்கத் தெரியல" என்றார்கள், நான் காபி ஆற்றிக்கொண்டு நிற்கும்போதே. அலெக்ஸ் அன்றைக்கு எனக்காகத்தான் பேசினார். ஆனால் அவர்கள் போனபின் என்னிடம், "இன்னொரு தடவை இப்படி ஏதாச்சும் ஆச்சுண்டா அம்மாட்டதான் விடணும் பெல்சி. எனக்கும் பயமா இருக்குல்ல?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதை நம்புகிறேன்.

போன வாரம் வெங்கட்ராமன் போன் செய்தார். அலெக்ஸ் ஸ்பீக்கரில் போட்டு எனக்குக் கேட்க வைத்தார். "அந்த ஆளை நிறுத்திட்டோம் சார், முதலாளி ரொம்ப வருத்தப்பட்டாரு." அலெக்ஸுக்கு ஒரே திருப்தி. "பாத்தியா, எழுதுனதுக்கு ஒரு பலன் இருக்கு" என்கிறார். நான் ரெனிக்குப் பருப்புச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். பிசைந்துகொண்டே இருந்தேன்.

சொன்னால் பிள்ளை போய்விடும். சொல்லாமல் இருந்தால் இப்படியே. ராத்திரியில் அவள் மூச்சு விடுகிறாளா என்று மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பதை நான் இன்னும் விடவில்லை. முன்பு இரண்டு தடவை, இப்போது எத்தனை தடவை என்று தெரியவில்லை.

நீ எழுத முடியாது என்று தெரியும். தெரிந்தும் தினம் தபால்காரரைப் பார்க்கிறேன்.

பெல்சி


நவகன்னியர் இல்லம்
19 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று சூசையப்பர் திருநாள். திருநாளன்று தபசு கொஞ்சம் தளரும், அதனால் எழுதலாமா என்று போய்க் கேட்டேன். பொறுப்பு சிஸ்டர் உன் கடிதத்தை என்னிடம் தந்தபோது சிரிக்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. இன்று அனுமதி கேட்டபோது, "ரெண்டு தாள் எடுத்துக்கோ" என்று மட்டும் சொன்னார்கள். எப்போதும் ஒன்றுதான் தருவார்கள்.

முதலில் ஒன்று கேட்கிறேன். அந்தப் படத்தில் என்ன இருந்தது? பொம்மை எப்படி இருந்தது, படி எப்படி இருந்தது, யார் யார் என்ன சொன்னார்கள், எல்லாம் எழுதியிருக்கிறாய். கால் மணி நேரம் நின்று நீ பார்த்ததை எழுதவில்லை. எனக்கு அதுதான் வேண்டும்.

இரண்டாவது, உனக்குப் புத்தி சொல்கிற இடத்தில் நான் இல்லை. ஏன் இல்லை என்று சொல்கிறேன். ரெனிக்கு மூன்று மாதம் ஆனபோது, ஒரு நாள் ராத்திரி, நீ குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாய். எனக்குக் கேட்டது. பக்கத்து அறையில்தான் பாய் போட்டுப் படுத்திருந்தேன். எழுந்து வரவில்லை. போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டேன். மறுநாள் காலையில் மடத்துக்கு, நான் உடனே வருகிறேன் என்று எழுதிப் போட்டேன். அடுத்த வருடம் வருகிறேன் என்றுதான் அதற்கு முன்னால் சொல்லியிருந்தேன். ஆண்டவரின் அழைத்தல் எனக்கு நிஜம்தான் அக்கா, அதில் பொய் இல்லை. ஆனால் அந்த மாதமே முதல் தடவை மடத்துக்குக் கிளம்பியது அழைத்தலினால் இல்லை. உன்னைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. உனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாத இடத்திலிருந்து ஓடி, மணி அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிற இடத்துக்கு வந்துவிட்டேன்.

இதையும் சிஸ்டர் படித்துவிட்டுத்தான் உறையில் போடுவார்கள். இரண்டு வருடமாகப் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் இதைச் சொன்னதில்லை.

நீ சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நான் உன் தங்கச்சிதான். ஆனால் ஒன்று. உண்மையை நீ என்னிடம் சொல்லிவிட்டாய், அதில் உனக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். பெத்தன் என்கிறவருக்கு ஒன்றும் இறங்கவில்லை. மச்சான் போட்ட அந்த போட்டோ இன்னும் அங்கேதானே இருக்கிறது? வேலை போன மனிதர் வீட்டில் என்ன காரணம் சொல்லியிருப்பார்? மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஓடுகிறது.

தாள் முடிந்துவிட்டது. சின்ன எழுத்தில் எழுதியிருக்கலாம்.

மேரி


காரைக்குடி
2 ஏப்ரல் 2025

மேரி,

படத்தில் இருந்தது ஒரு பெண். பழைய போட்டோ, அதன்மேல் ஓவியர் வர்ணம் பூசியிருக்கிறார். அந்தக் காலத்தில் அப்படிச் செய்வார்களாம். புடவைக்கு அரக்கு, கழுத்து நகைக்கு மஞ்சள், நாற்காலியின் மெத்தைக்குப் பச்சை, ஜரிகைக்கு இழை இழையாகக் கோடு. முகத்தை மட்டும் வர்ணம் தொடவில்லை, சாம்பலாகவே விட்டிருந்தார்கள். முப்பது வயது இருக்கலாம். கேமராவைப் பார்க்காமல் பக்கத்தில் எதையோ பார்க்கிறாள். என்ன பெயர், யார் மகள், எத்தனை பிள்ளை என்று கீழே ஒன்றும் எழுதவில்லை. எனக்கு அவளிடம் பிடித்தது என்ன தெரியுமா? அவளுக்கு என்னிடமிருந்து ஒன்றும் வேண்டியதில்லை. நானும் அவளுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இரண்டு பேரும் சும்மா இருந்தோம். இதை இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நீ கேட்டதைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் குளியலறை விஷயத்துக்கு இப்போது பதில் எழுத வரவில்லை. உனக்குக் கேட்டிருக்காது என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். கேட்டது என்று தெரிந்ததும் உன்மேல் கோபம் வந்தது, அது உண்மை. யாருக்கோ கேட்டிருக்கிறது என்று ஒரு நிம்மதியும் வந்தது, அதுவும் உண்மை.

போன வியாழக்கிழமை ரெனியைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் கொத்தமங்கலம் போனேன். அலெக்ஸிடம் சொல்லவில்லை. வெங்கட்ராமன் என்னை அடையாளம் கண்டுகொண்டு பதறிவிட்டார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அவர் எரிந்து விழுந்திருந்தால்கூடத் தேவலை.

"அம்மா, நீங்க வந்து சொன்னதே பெரிசு. ஆனா எங்கையில ஒன்னும் இல்லம்மா. சென்னையில முதலாளி தினம் அந்த ரிவ்யூவைத்தான் பாக்குறாரு. ஒங்க வீட்டுக்காரரு அதை எடுத்துட்டு ஒரு வார்த்தை சொன்னா நான் பேசிப் பாக்குறேன்" என்றார்.

பெத்தன் அண்ணன் வீட்டைக் கேட்டுக்கொண்டு போனேன். அவர் இல்லை, மனைவிதான் இருந்தார். நான் யார் என்று சொன்னதும் முறத்தைக் கீழே வைத்தார்.

"நீங்கதானா அது? நல்லா இருக்கீகளா? போட்டோவை எடுத்துப் போட்டீகளே, எம்மகளக் கட்டிக் குடுத்த எடத்துல அம்புட்டுப் பேரும் பாத்துட்டாக. ஒங்கப்பன் பிள்ளை பிடிக்கிறவனாமேண்டு மாமியா கேக்குறா. அது அழுதுக்கிட்டுப் போன் போடுது. நான் என்னண்டு சொல்ல? சொல்லுங்க, நீங்களே சொல்லுங்க."

என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ரெனி அழ ஆரம்பித்தாள். அந்த அம்மா அவளைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். "பிள்ளைக்குக் குடுங்க. வெயில்ல தூக்கிட்டு வந்திருக்கீக" என்றார். அதற்கு அவர் இன்னும் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

கொஞ்ச நேரத்தில் அவரே வந்துவிட்டார். யாருடைய தோப்பிலோ தண்ணீர் பாய்ச்சுகிற வேலை, கால் முழங்கால் வரை சேறு. நான் அழுதுகொண்டே என்னென்னவோ சொன்னேன். ஏன் அன்றைக்கு என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"ஒங்க வீட்டுக்காரக ஒங்களப் பாத்த பார்வை எனக்குத் தாங்கல தாயி" என்றார். பிறகு சேற்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டே, "அதுவுமில்லாம, தப்பு எம்மேலயும் உண்டு. அஞ்சு நிமிசம் ஆனதும் ஒங்களக் கூப்பிட்டிருக்கணும். நடு முத்தத்துல இருந்து பாத்தா மாடி தெரியும்ல. நீங்க அந்தப் படத்துக்கிட்ட நிக்கிறதப் பாத்தேன். கூப்பிட மனசு வரல" என்றார்.

மேரி, என்னைப் பெற்ற அம்மா போய் ஐந்து வருடம் ஆகிறது. அதற்கப்புறம் என்னை அப்படி யாராவது பார்த்திருக்கிறார்களா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். பார்த்த ஒருவருக்கு நான் செய்தது இது.

அன்று ராத்திரி அலெக்ஸிடம் சொன்னேன். ரெனியை அறைக்குள் ஐந்து நிமிடம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள விட்டதற்கே அவ்வளவு பயந்த மனிதர், இதற்குச் சத்தமே போடவில்லை. கேட்டு முடித்ததும் முதலில் போனை எடுத்து எழுதியதை அழித்தார். எழுத்தையும் போட்டோவையும். வெங்கட்ராமனைக் கூப்பிட்டு, தப்பு எங்கள்மேல்தான் என்று சொன்னார். "அவரை வேலைக்குச் சேத்துக்கிட்டீங்கண்டா நானே நேர்ல வந்து மன்னிப்புக் கேக்குறேன்" என்றார். நல்ல மனிதர் மேரி. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அப்புறம் போனைக் கீழே வைத்துவிட்டு என்னிடம், "ஆறு வாரமா எங்கிட்ட பொய் சொல்லியிருக்க" என்றார். "பொய்கூடப் போகட்டும். யாருண்டே தெரியாத ஆள்ட்டப் பிள்ளையக் குடுத்துட்டு, படம் பாத்துக்கிட்டு நின்னிருக்க. நான் என்ன நினைக்கணும், நீயே சொல்லு."

கை இற்றுப் போயிருந்தது என்று சொன்னேன். "எங்கிட்டக் குடுத்திருக்கலாம்ல?" என்றார். போனில் பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. இத்தனை நாளில் அவரிடம் ஒரு தடவைகூட, பிடியுங்கள், எனக்கு முடியவில்லை என்று நான் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

சனிக்கிழமை காலையில் அவரே ரெனியின் துணிகளை எடுத்து வைத்தார். எந்தத் துண்டைப் போர்த்தினால் அவள் தூங்குவாள் என்று தெரிந்து அதை மேலாக வைத்தார். தேவகோட்டையில் அத்தையிடம் விட்டுவிட்டு வந்தார். "ஈஸ்டர் முடியட்டும், பாப்போம். நீயும் கொஞ்சம் தூங்கு" என்றார். நான் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டுமா என்று இப்போதும் தெரியவில்லை. ரெனி காரில் என்னைப் பார்த்துக் கையாட்டினாள், கடைக்குப் போகிறோம் என்று நினைத்திருக்கிறாள்.

பெத்தன் அண்ணனைத் திங்கட்கிழமை திரும்பச் சேர்த்துக்கொண்டார்களாம். உள்ளே வேண்டாம், வாசல் கேட்டில் இருக்கட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். அவர் மகள் வீட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரியவில்லை, போட்டோ அதற்குள் எத்தனை பேர் கைக்குப் போயிருக்குமோ.

அலெக்ஸ் வேலைக்குப் போகிறார், வருகிறார், சாப்பிடுகிறார். கேட்டால் பதில் சொல்கிறார். சாயங்காலம் அத்தை வீடியோவில் ரெனியைக் காட்டினார்கள். இரண்டு நாள் அழுதாளாம், நேற்றிலிருந்து அழவில்லையாம். "இங்க ஜோராத்தான் இருக்கா, நீ கவலைப்படாத" என்றார்கள். அழவில்லை என்று கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும்.

இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது ஈஸ்டருக்கு. எட்டு மணிக்கே பாத்திரம் கழுவி முடித்துவிடுகிறேன். அதற்கப்புறம் இந்த வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ இருமுகிறார்கள், கேட்கிறது. பஸ் ஸ்டாண்டில் ஹார்ன் அடித்தால் கேட்கிறது. இவ்வளவு சத்தம் இந்த ஊரில் இருப்பது எனக்குத் தெரியாது.

நான் செய்தது சரி என்று நீ எழுத வேண்டாம். தப்பு என்றும் எழுத வேண்டாம். சிஸ்டரிடம் என் பெயரைச் சொல்லி அனுமதி கேள், ஒரு தாள் போதும்.

சீக்கிரம் பதில் எழுது மேரி.

பெல்சி